திருத்தும் உரிமை: திறந்த செயற்கை நுண்ணறிவும் திருவனந்தபுரத்தின் அனுபவமும்

(திருவனந்தபுரத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த அச்சு வடிவம். மேடையில் இடையிடையே சொல்லப்பட்டவை சுருக்கப்பட்டுள்ளன.)



மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த ஊர் இது. சென்னையில் பேரகராதிப் பணியை முடித்த வையாபுரிப் பிள்ளை, பின்னாளில் தமிழ்த்துறைக்குத் தலைமையேற்க வந்த ஊரும் இதுவே. ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவை விட்டு அகலாமல் ஒரு வாழ்நாள் முழுக்கக் கதை எழுதினார். இப்படிப்பட்ட ஊரில் தமிழ் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் அவையோர் இலக்கியத்தை எதிர்பார்த்து வருவது இயல்பு. இன்றைய பொருள் செயற்கை நுண்ணறிவு. இனி வரும் ஆண்டுகளில் தமிழும் மலையாளமும் எங்கே எழுதப்படும், எங்கே பேசப்படும், யார் அவற்றைப் பிழையென்றும் சரியென்றும் தீர்மானிப்பார் என்ற கேள்விகள் எல்லாம் அந்தக் கருவியோடு பின்னிக் கிடப்பதால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பேச்சின் கருத்து ஒன்றே ஒன்றுதான். ஒரு கருவி தவறு செய்யும்போது, அதைத் திருத்தும் அதிகாரம் அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரிகளின் நிரலும், அவை பயிற்சியில் கற்றதைத் தாங்கும் எண்களான எடைகளும், பயிற்சித் தரவும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது இதற்காக. அவை ஓடும் இடங்கள் ஒரே நாட்டின் இரண்டு மூன்று நிறுவனங்களோடு நிற்காமல் பல ஊர்களில் பரவ வேண்டும் என்று கேட்பதும் இதற்காக. காசு மிச்சமாவது உபரி லாபம்.

இதை நிறுவ வெளியூர் போகத் தேவையில்லை. சான்றுகளில் பெரும்பகுதி இந்த ஊரிலேயே கிடைக்கிறது.

1. பள்ளிக்கூடத்தில் தொடங்கியது

யாரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கான இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலை 20 அன்று திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் கேரள அரசு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் பாடம் முழுக்க ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சுற்றியே அமைந்தது. அரசுப் பள்ளிப் பாடநூல் ஒரு தனியார் நிறுவனத்தின் பொருளைப் பயன்படுத்தக் கற்றுத்தருவதற்கா என்று ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் கேட்டார்கள். கேள்வி வலுத்தது; அரசு செவிகொடுத்தது. 2006இல் உயர்நிலைப் பள்ளிகளை லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற்றும் முடிவு நாடு முழுக்கச் செய்தியானது. அடுத்த சில ஆண்டுகளில் பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வும் கட்டற்ற மென்பொருளிலேயே நடக்கத் தொடங்கியது.

அந்தத் திட்டம் 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. தலைமையகம் இவ்வூரின் பூஜப்புரையில். 2019இல் கைட் தன் இயங்குதளத்தின் புதிய பதிப்பை வெளியிட்டபோது, இரண்டு லட்சம் கணினிகளுக்கு அது போகிறது என்றும், உரிமம் பெற்ற மென்பொருள்களை வாங்கியிருந்தால் 3,000 கோடி ரூபாய் ஆகியிருக்கும் என்றும் கணக்குச் சொன்னது. பத்திரிகைகள் அந்த 3,000 கோடியைத் தலைப்பாக்கின. அது பெரிய தொகைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தளத்தின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பது அதைவிடப் பெரிது.

உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பை எடுத்து, பாடத்திட்டத்துக்கு வேண்டாததைக் கழித்து, வேண்டியதைச் சேர்த்திருக்கிறார்கள். கணக்குக்கு ஜியோஜீப்ரா, ஓவியத்துக்கு ஜிம்ப், நிரலாக்கத்துக்கு ஸ்கிராட்ச், எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபிஸ். இந்தத் தெரிவுகளைச் செய்தவர்கள் இங்கேயே வகுப்பெடுக்கும் ஆசிரியர்களும் அவர்களோடு உழைத்த தொழில்நுட்பர்களும். தகவல் தொழில்நுட்பப் பாடநூல் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளிலும் வருகிறது. இடுக்கித் தோட்டத் தொழிலாளரின் பிள்ளை தமிழ் வழியில் படித்தாலும், காட்டாக்கடையில் ஒரு பிள்ளை மலையாள வழியில் படித்தாலும் கணினியில் இருப்பது ஒரே தளம். தமிழ் வழிப் பள்ளிகள் கேரளத்தில் சிறுபான்மை. தமிழ்ப் பாடநூலால் ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்கு வருமானம் பெருகப்போவதில்லை. அப்படியிருந்தும் அந்தப் பிள்ளைகள் விட்டுப்போகவில்லை என்றால், முடிவெடுக்கும் மேசை பூஜப்புரையில் இருந்ததே காரணம்.

2024 மே மாதம் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியை கைட் தொடங்கியது. இருபது ஆண்டுக்கு முன் இயங்குதளம் பற்றி எழுந்த அதே கேள்வி இப்போது மொழி மாதிரி பற்றி எழுந்து நிற்கிறது.

2. எழுத்துருவிலிருந்து எடைகள் வரை

கேரளத்தில் 1971இல் மலையாள எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. தட்டச்சுப் பொறியின் விசைகளுக்கு அடங்கவேண்டும் என்பதற்காக நூற்றுக்கணக்கான கூட்டெழுத்துகள் உடைக்கப்பட்டன. கருவிக்காக மொழி தன்னைச் சுருக்கிக்கொண்டது. 1990களின் இறுதியில் ‘ரசனா அக்ஷரவேதி’ என்ற சிறு குழு, கணினிக்கு அந்த நெருக்கடி கிடையாதே என்று சொல்லி, பழைய எழுத்து முழுவதையும் மீட்டு ரசனா எழுத்துருவை உருவாக்கியது. பின்னர் அது கட்டற்ற உரிமத்தின்கீழ் வந்தது. 2000களின் தொடக்கத்தில் பிறந்த ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்ற தன்னார்வக் கூட்டம் ரசனா, மீரா எழுத்துருக்களைப் பராமரித்தது; திரையில் எழுத்து உடைந்து தெரியும் இடங்களைத் தேடித்தேடிச் சரிசெய்தது; மஞ்சரி போன்ற புதிய எழுத்துருக்களைத் தந்தது. இன்று மலையாளத்தில் அச்சாகும் புத்தகங்களிலும் இணையப் பக்கங்களிலும் அந்த உழைப்பைக் காணலாம்.

தமிழுக்கும் இப்படியொரு வரலாறு உண்டு. யூனிகோடு பரவும் முன் டிஸ்கி, டாம், டாப் என்று குறியீட்டு முறைகள் பலவாக நின்றன. ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் அது. டிஸ்கியை உருவாக்கியவர்கள் பல நாடுகளில் சிதறியிருந்த தமிழர்கள். மின்னஞ்சல் வழியே விவாதித்து விவாதித்தே அதை வடிவமைத்தார்கள். பெருநிறுவனங்கள் தமிழைக் கவனிக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

இந்த இரண்டு வரலாறுகளையும் இங்கே இழுத்து வந்ததற்குக் காரணம் உண்டு. எழுத்துருவின் மூலக்கோப்பு திறந்திருந்தால், பிழையைக் கண்டவரே அதைத் திருத்தலாம். மொழி மாதிரியில் பிழையைக் கண்டவர் என்ன செய்வது?

3. ஒரு வணக்கமும் 116 துண்டுகளும்

இதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

மொழி மாதிரி நம்மைப்போல் சொற்களைப் படிப்பதில்லை. உரையை ‘டோக்கன்’ எனப்படும் துண்டுகளாக நறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்களை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்குக் கணினியில் 1 பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் வேண்டும். ‘வணக்கம்’ என்ற சொல்லைப் பிரித்தால் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என 7 குறியீடுகள். மொத்தம் 21 பைட். பயிற்சித் தரவில் தமிழ் குறைவாக இருந்தால், துண்டு போடும் பட்டியலில் தமிழ்ச் சொற்களுக்கு இடம் கிடைக்காது. அப்போது ‘வணக்கம்’ ஒரு சொல்லாகப் போகாமல் பொடிப்பொடியாக உடைந்து போகும்.

இதன் விளைவு பணத்திலும் நேரத்திலும் தெரியும். கட்டணம் டோக்கன் கணக்கில் வசூலிக்கப்படுகிறது. மாதிரி ஒரே தடவையில் நினைவில் வைத்துக்கொள்ளும் உரையின் நீளமும் டோக்கன் கணக்குத்தான். ஆகவே அதே செய்தியைத் தமிழில் சொல்கிறவர் அதிகம் கொடுத்துக் குறைவாகப் பெறுகிறார்.

2024 மே மாதம் ஓபன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது இதற்கான எண்களைத் தானே தந்தது. மாதிரி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் சில வரி வாசகம் ஒன்று. பழைய முறையில் அதற்கு ஆங்கிலத்தில் 27 டோக்கன், தமிழில் 116. புதிய முறையில் ஆங்கிலத்தில் 24, தமிழில் 35. நல்ல முன்னேற்றம், வரவேற்க வேண்டியதே. ஆனால் அந்த 116 எப்போது 35 ஆகும் என்பதை முடிவுசெய்தது ஒரே நிறுவனம். அதுவரை தமிழில் எழுதியவர்கள் கூடுதல் கட்டணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்கவும் வழியில்லை, திருத்தவும் வழியில்லை.

இதற்கு ஆறு மாதம் முன்னதாக, 2023 நவம்பரில், அபிநந்த் பாலச்சந்திரன் என்ற தனி ஒருவர் ‘தமிழ்-லாமா’ என்ற ஆய்வுக் கட்டுரையையும் மாதிரிகளையும் வெளியிட்டார். மெட்டா நிறுவனம் அந்த ஆண்டு ஜூலையில் லாமா-2 மாதிரியின் எடைகளை வெளியே விட்டிருந்தது. அதில் தமிழ் மிகக் குறைவு. அவர் அதன் பட்டியலில் 16,000 தமிழ் டோக்கன்களைச் சேர்த்து, தமிழ் உரையைக் கொடுத்து மேலும் பயிற்றினார். எந்த நிறுவனத்தின் வாசலிலும் மனுவோடு நிற்கவில்லை. அவர் உருவாக்கியது உலகின் தலைசிறந்த மாதிரி என்று யாரும் சொல்லவில்லை. குறை எங்கே என்று கண்டவர் கையாலேயே குறை தீர்க்கப்பட்டது என்பதுதான் இங்கே பொருட்படுத்த வேண்டியது. எடைகள் பூட்டியிருந்தால் அது நடந்திருக்காது.

சென்னையில் ஐஐடி வளாகத்திலுள்ள ‘ஏஐ4பாரத்’ ஆய்வுக்கூடம் இதையே பெரிய அளவில் செய்கிறது. 2023இல் அது வெளியிட்ட ‘இண்டிக்டிரான்ஸ்2’ மொழிபெயர்ப்பு மாதிரி, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளையும் கையாள்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம். ‘இண்டிக்வாய்சஸ்’ என்ற குரல் தொகுப்புக்கு அக்குழு 145 மாவட்டங்களில் 16,237 பேரிடம் சென்று 7,348 மணி நேரப் பேச்சைப் பதிவுசெய்ததாக 2024இல் அறிவித்தது. அதில் பெரும்பகுதி மனிதர்கள் இயல்பாகப் பேசிய பேச்சு. வானொலிச் செய்தித் தமிழை மட்டும் கேட்டு வளர்ந்த கருவி, பாறசாலைக்காரர் பேசும் தமிழைக் கேட்டுத் திகைத்துப்போகும் நிலைக்கு இதுவே மருந்து.

4. கதவடைப்பு

தொழில்நுட்ப மறுப்பு என்றால் என்ன என்று திருவனந்தபுரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிரையோஜெனிக் ராக்கெட் இயந்திரத் தொழில்நுட்பத்தை ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸிடம் இந்தியா கேட்டு ஒப்பந்தமிட்டிருந்தது. 1992 மே மாதம் அமெரிக்கா இஸ்ரோ மீதும் கிளாவ்காஸ்மாஸ் மீதும் தடை விதித்தது. அடுத்த ஆண்டு ரஷ்யா பின்வாங்கியது. முழு இயந்திரங்கள் சில வந்தன. செய்யும் முறை வரவில்லை. இவ்வூரை ஒட்டிய வலியமலையிலுள்ள இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையத்தினர் அதை முதலிலிருந்து தாமே கற்றுச் செய்தார்கள். அந்த இயந்திரத்தோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5 அன்று. இடையில் கழிந்தவை இரண்டு தசாப்தங்கள். பொருளை வாங்குவதும் அதைச் செய்யும் அறிவைப் பெறுவதும் வேறு வேறு என்பதை இந்த அவையில் பலர் தங்கள் பணி வாழ்க்கையிலேயே கண்டவர்கள்.

மென்பொருளில் இது இன்னும் வேகமாக நடக்கும். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் மீது தடை விதித்தது. குஜராத்தின் வாடினாரில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் இந்திய நிறுவனம் அது. ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட்டுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அதற்கான சேவைகளை நிறுத்தியது. பணம் கட்டி வைத்திருந்த உரிமம் கையில் இருக்க, ஊழியர்களின் மின்னஞ்சல் பெட்டிகள் மூடிக்கொண்டன. இந்தியச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. மாத இறுதியில் சேவை திரும்பியது. நாளை மருத்துவமனை ஆவணமும், மின்வாரியக் கட்டணக் கணக்கும், பள்ளி வினாத்தாளும் தொலைதூர மாதிரி ஒன்றின் வழியாகவே ஓடுமானால், இத்தகைய ஒரு வாரத்தை அவை எப்படிக் கடக்கும்?

தடையே இல்லாவிட்டாலும், வழங்குபவர் நினைத்தால் பொருளை மாற்றிவிடலாம். 2025 ஆகஸ்டில் ஜிபிடி-5 வந்தபோது பழைய மாதிரிகள் பயனர் பட்டியலிலிருந்து ஒரே நாளில் மறைந்தன; எதிர்ப்புக் கிளம்பிய பிறகு ஒரு பகுதி திரும்பி வந்தது. எடைகளைத் தன் கணினியில் இறக்கி வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை கிடையாது. ஐந்தாண்டு கழித்தும் அதே மாதிரி அதேபோல் இயங்கும். ஆய்வு செய்கிறவர்களுக்கு இது உயிர்நாடி. மீண்டும் செய்து பார்க்க முடியாத சோதனையை ஆய்வு என்று சொல்ல முடியாதல்லவா?

தரவின் பக்கமும் உண்டு. 2020 ஏப்ரலில், கொரோனா நோயாளிகளின் விவரங்களைத் தொகுக்க ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தளத்தைக் கேரள அரசு பயன்படுத்தியது பெரும் சர்ச்சையாயிற்று. பெயர் அடையாளங்களை நீக்கிய பிறகே தரவு போக வேண்டும், மக்களிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அதே உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கான செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. தீர்ப்புக்கோ உத்தரவுக்கோ முடிவெடுக்க இக்கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது, ஒப்புதல் பெற்றவை தவிர மேகக் கணிமைச் சேவைகளைத் தவிர்க்க வேண்டும் என்று அது சொன்னது. வழக்குக் கட்டின் விவரம் யாருடைய சர்வரில் போய்ச் சேருகிறது என்ற அச்சம் நியாயமானது. நீதிமன்றத்துக்குள்ளேயே ஓடக்கூடிய, உள்ளே என்ன நடக்கிறது என்று தணிக்கை செய்யக்கூடிய மாதிரி இருந்தால் அந்த அச்சத்துக்கு ஒரு தொழில்நுட்ப விடையும் கிடைக்கும்.

5. பரவல்

1996 ஆகஸ்ட் 17, மலையாள மாதமான சிங்ஙத்தின் முதல் நாள். கேரளம் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க முன்வந்தது. எந்த வார்டுக்குக் கிணறு, எந்த வார்டுக்குச் சாலை என்பதைத் தலைமைச் செயலகத்தைவிடக் கிராமசபை நன்றாக அறியும் என்பதே அதன் அடிப்படை. குறைகள் இருந்தன. ஆயினும் அந்த அனுபவத்தைக் கொண்ட மாநிலத்துக்கு, கணிமையில் பரவல் என்பது புரியாத கருத்தாக இருக்க நியாயமில்லை.

நடைமுறையில் இது எப்படி? 700 கோடி எடைகள் கொண்ட ஒரு சிறு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் எடையையும் 4 பிட்டாகச் சுருக்கினால் மொத்தம் ஏறத்தாழ மூன்றரை ஜிகாபைட். அது ஒரு சாதாரண மடிக்கணினியின் நினைவகத்தில் அடங்கும். 2023 மார்ச்சில் பல்கேரியாவைச் சேர்ந்த கியோர்கி கெர்கானோவ் வெளியிட்ட ‘லாமா.சிபிபி’ என்ற திறந்த நிரல் இதைச் சாத்தியமாக்கியது. ஜிபியு எனப்படும் விலை உயர்ந்த செயலி தேவையில்லை. இணையமும் தேவையில்லை. மூணாறு மலையில் மழையோடு இணையம் போய்விட்டாலும் பள்ளிக் கணினியில் அது ஓடும். பிள்ளை கேட்ட கேள்வி பள்ளியை விட்டு வெளியே போகாது.

பயிற்றுவதற்கும் ஒரே கூரை தேவையில்லை என்பதற்கு இப்போது சான்றுகள் வருகின்றன. ‘பிரைம் இன்டலெக்ட்’ குழு 2024 நவம்பரில் 1,000 கோடி எடைகள் கொண்ட மாதிரியொன்றை மூன்று கண்டங்களில் பரந்திருந்த கணினிகளை இணைத்துப் பயிற்றி முடித்தது. முன்னணி மாதிரிகளோடு ஒப்பிட்டால் அது சிறியது. பரவலான பயிற்சி இன்னும் தொடக்கநிலையில்தான் இருக்கிறது. மிகப்பெரிய மாதிரிகளுக்கு இன்றும் ஒரே இடத்தில் குவிந்த கணிமைத் திறன் வேண்டும். அதற்குப் பொதுப்பணம் ஒரு வழி. 2022இல் வந்த ‘புளூம்’ மாதிரி பிரான்ஸின் அரசு மீக்கணினியில் பயிற்றப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து உழைத்தார்கள். தமிழும் மலையாளமும் அதன் மொழிகளில் இருந்தன. இந்திய அரசு 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த இந்தியா ஏஐ இயக்கம், ஜிபியு நேரத்தை மானிய விலையில் தருகிறது. பொதுப்பணத்தில் பயிற்றப்படும் மாதிரியின் எடைகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது குறைந்தபட்சக் கோரிக்கை.

கணினிச் சில்லுகளிலும் இதே திறப்பு நடக்கிறது. சில்லின் கட்டளைத் தொகுதிக்கு உரிமக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த உலகில், 2010இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘ரிஸ்க்-5’ யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த தொகுதி. அதைக் கொண்டு இவ்வூர் சி-டாக் மையம் ‘வேகா’ செயலிகளை வடிவமைத்திருக்கிறது. சென்னை ஐஐடி ‘சக்தி’யை வடிவமைத்தது.

6. திறப்பு என்ற பெயரில் வருபவை

திறந்தது என்று சொல்லி வருவதெல்லாம் முழுக்கத் திறந்ததல்ல. லாமா-2 உரிமத்தில், மாதம் 70 கோடிப் பயனர்களுக்கு மேல் கொண்ட நிறுவனங்கள் தனி அனுமதி பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. எடைகளை மட்டும் தந்து பயிற்சித் தரவைச் சொல்லாத மாதிரிகள் பல. அரைத்த மாவைத் தந்துவிட்டு, அரிசி எது, உளுந்து எவ்வளவு என்று சொல்லாதது போன்றது அது. தோசை வார்க்கலாம், புளித்தது ஏன் என்று கண்டுபிடிக்க முடியாது. 2024 அக்டோபரில் ‘ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ்’ அமைப்பு வெளியிட்ட வரையறை, தரவு பற்றிய போதிய விவரமும் வேண்டும் என்கிறது. ஆலன் ஆய்வு நிறுவனத்தின் ‘ஓல்மோ’ தரவையும் சேர்த்தே தருகிறது. அரசு நிறுவனங்கள் மாதிரி வாங்கும்போது இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாதி திறப்பால்கூடப் பயன் உண்டு என்பதற்கு டீப்சீக் நல்ல எடுத்துக்காட்டு. 2025 ஜனவரி 20 அன்று அந்தச் சீன நிறுவனம் வெளியிட்ட ஆர்-1 மாதிரி, சீன அரசுக்கு உவப்பில்லாத கேள்விகளைத் தட்டிக்கழித்தது. எடைகள் கட்டற்ற உரிமத்தில் இருந்ததால், அடுத்த மாதமே பெர்ப்ளெக்சிட்டி நிறுவனம் அதை மறுபயிற்சி செய்து, அந்த வாய்ப்பூட்டை அகற்றிய பதிப்பை வெளியிட்டது. பூட்டிய மாதிரியில் இப்படியொரு சார்பு இருந்தால், முதலில் அதை வெளியிலிருந்து உறுதியாகக் காட்டுவதே கடினம்.

எதிர்வாதம் வலுவானது; அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஒருவருக்குப் பழைய நண்பரின் முகத்தோடும் குரலோடும் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு வந்தது. நம்பி 40,000 ரூபாய் அனுப்பினார். முகம் போலி. திறந்த கருவிகள் இத்தகைய மோசடிக்காரர் கையிலும் போகும். ஒருமுறை வெளிவிட்ட எடைகளைத் திரும்ப அழைக்கவும் முடியாது. இந்த விலையை ஒப்புக்கொண்டே பேச வேண்டும். ஆனால் பணம் கொடுத்தால் கிடைக்கும் மூடிய சேவைகளாலும் போலிக் குரல் உண்டாக்கலாம். போலியைக் கண்டறியும் கருவியைச் செய்ய, போலியை உண்டாக்கும் மாதிரியை அக்கக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. காவல்துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அந்த வாய்ப்பு வேண்டுமென்றால், மாதிரிகள் அவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும்.

7. காணி மக்களின் கேள்வி

திறப்பு என்பது எல்லாவற்றையும் எல்லாருக்கும் வாரி இறைப்பதா? இதற்கு அகத்தியமலை அடிவாரத்தில் ஒரு விடை இருக்கிறது.

1987இல் ஆய்வுக்குச் சென்ற விஞ்ஞானிகள், அங்கே வாழும் காணிப் பழங்குடி வழிகாட்டிகளோடு மலையேறினார்கள். வழிகாட்டிகள் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டே களைப்பின்றி நடந்தார்கள். கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார்கள். ஆரோக்கியப்பச்சை என்னும் அந்தச் செடியிலிருந்து பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்தது. 1990களின் நடுவில் கோயம்புத்தூர் ஆர்ய வைத்ய பார்மசிக்கு அது உரிமம் வழங்கப்பட்டபோது, 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்திலும் 2 விழுக்காட்டு ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகெங்கும் பேசப்பட்ட ஏற்பாடு அது. அப்போதும், எங்கள் எல்லாரையும் கேட்டீர்களா என்று காணி வைத்தியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது.

நியூசிலாந்தின் மாவோரி வானொலி நிலையமான ‘தே ஹிக்கு’ தன் மக்களிடம் கேட்டுப் பத்து நாளில் முந்நூறு மணி நேரத்துக்கும் மேல் குரல் பதிவு பெற்று, பேச்சை எழுத்தாக்கும் கருவியைத் தானே செய்தது. பதிவுகளைப் பெருநிறுவனங்களுக்குத் தர மறுத்தது. யார், எதற்கு, எப்படிப் பயன்படுத்தலாம் என்று சமூகமே விதிக்கும் உரிமம் ஒன்றையும் எழுதிக்கொண்டது. இதை மூடுதல் என்று குறை சொல்ல முடியாது. திருத்தும் அதிகாரம் பயன்படுத்துகிறவருக்கு அருகில் வேண்டும் என்றால், கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்லும் அதிகாரம் கொடுப்பவரிடம் இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே அடங்கியதுதான்.

இனி இந்த அவைக்குரிய வேலை.

திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதித் தமிழும், இடுக்கித் தோட்டங்களின் தமிழும் எந்தப் பெரிய குரல் தொகுப்பிலும் போதிய அளவில் இடம்பெறப் போவதில்லை, நாம் பதிவு செய்யாவிட்டால். காரியவட்டத்தில் தமிழ்த்துறை இருக்கிறது. கேரள அரசு நிறுவிய ஐசிஃபாஸ் என்னும் பன்னாட்டுக் கட்டற்ற மென்பொருள் மையம் இதே ஊரில் இருக்கிறது. கைட்டின் மாணவர் மன்றங்கள் பல பள்ளிகளில் இருக்கின்றன. பேச்சுப் பதிவு செய்யத் தெரிந்த மாணவர்கள் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒப்புதல் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். எழுத வராதவருக்கு அதைப் படித்துக்காட்டி, அவர் சொல்லும் சம்மதத்தையும் பதிவில் சேர்க்கட்டும். பொதுவில் போகலாம், ஆய்வுக்கு மட்டும், குடும்பத்துக்கு மட்டும் என்று மூன்று கட்டம் போட்டு, எதில் குறியிடுவது என்பதைப் பேசுகிறவர் தீர்மானிக்கட்டும். பெயரும் முகவரியும் தனி ஏட்டில் இருக்கட்டும். ஒலியைச் சுருக்காத கோப்பாகச் சேமியுங்கள். எந்த ஊர், எந்த வயது, என்ன தொழில் என்பதைக் கூடவே குறியுங்கள். எழுத்துப் பெயர்ப்பில் பேச்சைச் செந்தமிழாக்கிவிடாதீர்கள். ‘வந்தாச்சு’ என்றால் ‘வந்தாச்சு’ என்றே எழுதுங்கள். ஒரு பிரதி துறையில், ஒரு பிரதி பள்ளியில், இன்னொன்று அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கட்டும். முதல் ஆண்டுக்கு ஒரு துறையும் இரண்டு பள்ளிகளும் போதும். இந்த ஆண்டு முதுகலை ஆய்வேடு எழுதும் மாணவர்கள் தலைப்பைப் பதிவுசெய்யும் முன் துறைத்தலைவரிடம் இதைப் பேசிப் பார்க்கலாம்.